இரண்டும் மூன்றும் இடம் மாறிய கதை

1984-இல் அமெரிக்காவின் சைபெக்ஸ் பதிப்பகம் ஜோ கேம்பெல் எழுதிய ‘தி ஆர்எஸ்-232 சொல்யூஷன்’ என்ற புத்தகத்தை வெளியிட்டது. அது நிரல் எழுதக் கற்றுத்தரும் புத்தகம் அல்ல. ஒரு கணினியையும் இன்னொரு கருவியையும் கேபிள் போட்டு எப்படி இணைப்பது என்பதுதான் அதன் பொருள். அதற்கு ஒரு முழுப் புத்தகம் தேவைப்பட்டது.

தேவைப்பட்டதில் வியப்பில்லை. அந்த நாளில் ஒருவர் கணினி ஒரு நிறுவனத்திடமும், டெர்மினல் இன்னொரு நிறுவனத்திடமும், அச்சுப்பொறி மூன்றாவது நிறுவனத்திடமும் வாங்கியிருப்பார். பின்புறம் திருப்பிப் பார்த்தால் மூன்றிலும் ஒரே மாதிரி 25 பின் கனெக்டர். மூன்றின் கையேட்டிலும் ‘ஆர்எஸ்-232’ என்று அச்சிட்டிருக்கும். கேபிளைச் செருகி மின்சாரம் கொடுத்தால் திரையில் ஓர் எழுத்துகூட வராது. கருவிகள் எதுவும் பழுதில்லை. கேபிளும் பழுதில்லை, அது வேறு வேலைக்கான கேபிள், அவ்வளவுதான்.

இந்தக் குழப்பத்தின் வேர் 1960-இல் இருக்கிறது. அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கமான இஐஏ அந்த ஆண்டுதான் ஆர்எஸ்-232 என்ற பரிந்துரைத் தரத்தை முதலில் வெளியிட்டது. அதன் நோக்கம் மிகக் குறுகியது. ஒரு பக்கம் டெலிடைப் போன்ற ஒரு முனையக் கருவி, அதாவது டெர்மினல். மறுபக்கம் தொலைபேசிக் கம்பியில் தரவை ஏற்றி இறக்கும் மோடம். தொலைபேசிக் கம்பிகளில் பெரும்பகுதி ஏடி அண்ட் டி நிறுவனத்தின் ஆளுகையில் இருந்தது. முனையக் கருவிகளையோ பல நிறுவனங்கள் செய்தன. இரண்டும் சந்திக்கும் இடத்தில் எந்தக் கம்பியில் என்ன வரவேண்டும், எத்தனை வோல்ட்டில் வரவேண்டும் என்று எழுதிவைத்துவிட்டால் பிறகு வழக்கு இல்லை. இரண்டு திருத்தங்களுக்குப் பிறகு 1969 ஆகஸ்டில் வந்த ‘சி’ பதிப்புதான் அடுத்த இரண்டு தலைமுறைக் கணினிகளின் முதுகில் ஏறி உட்கார்ந்தது.

தரம் உலகத்தை இரண்டாகப் பிரித்தது. டெர்மினல் பக்கம் டிடிஇ. மோடம் பக்கம் டிசிஇ. பின்களுக்குப் பெயர் வைத்தபோது டெர்மினல் பக்கம் நின்று வைத்தார்கள். 2-ஆம் பின்னில் டெர்மினல் அனுப்பும். மோடம் அதே 2-ஆம் பின்னில் கேட்டுக்கொள்ளும். 3-ஆம் பின்னில் மோடம் அனுப்பும், டெர்மினல் வாங்கிக்கொள்ளும். 7 இருவருக்கும் பொதுவான தரை. ஆகவே 2-க்கு 2, 3-க்கு 3, 7-க்கு 7 என்று நேராக ஓடும் கேபிள் போதும். எந்தக் கேபிளை எடுப்பது என்ற கேள்வியே அந்த உலகத்தில் கிடையாது.

மின்னழுத்தக் கணக்கைத் தந்தியிலிருந்து எடுத்தார்கள். தந்திக் கம்பியில் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருப்பதுதான் ஓய்வுநிலை. ஆர்எஸ்-232-இலும் ஓய்வுநிலை என்றால் வெறும் பூஜ்யம் அல்ல. பேச்சு எதுவும் இல்லாதபோதும் அனுப்பும் கம்பியில் ஓர் எதிர்மின்னழுத்தம் நின்றுகொண்டே இருக்கும். பெறும் முனையில் −3 முதல் −15 வோல்ட் வரை இருந்தால் 1. +3 முதல் +15 வரை இருந்தால் 0. இடைப்பட்டது கணக்கில் சேராது. எந்தக் கேபிள் வேண்டும் என்று கண்டுபிடிக்க இந்த ஓய்வுநிலை எப்படி உதவுகிறது என்பது சற்றுப் பிறகு தெரியும்.

1970-களில் நிலைமை மாறியது. மினி கணினிகள் அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் வந்தன. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின், சுருக்கமாக டெக்கின், பிடிபி-11 கணினி ஓர் அறையில். அதன் டெர்மினல்கள் அடுத்த அறையில். நடுவில் தொலைபேசி இல்லை. ஆகவே மோடமும் இல்லை. இப்போது இரண்டு பக்கமும் டிடிஇ. இருவரும் 2-ஆம் பின்னில் அனுப்புவார்கள், இருவரும் 3-ஆம் பின்னில் காத்திருப்பார்கள். நேர் கேபிளைப் போட்டால் வாயோடு வாயும் காதோடு காதும் ஒட்டவைத்துக்கொண்டு இருவர் பேச முயன்ற கதைதான்.

அதற்குக் கண்டுபிடித்த வழிதான் நல் மோடம் கேபிள். இல்லாத இரண்டு மோடம்களின் இடத்தைக் கேபிளே நிரப்பும். 2-இல் கிளம்பும் கம்பி மறுமுனையில் 3-இல் போய்ச் சேரும். 3-இல் கிளம்புவது 2-இல் சேரும். இதோடு முடிந்திருந்தால் கேம்பெல்லின் புத்தகம் நாலு பக்கத்தில் முடிந்திருக்கும்.

முடியவில்லை, ஏனென்றால் கணினி மோடத்தைத் தேடியது. டெர்மினல் பக்கம் 20-ஆம் பின்னில் ‘நான் தயார்’ என்று சொல்லும். மோடம் 6-இல் ‘நானும் தயார்’ என்று பதில் தரும். தொலைபேசியில் மறுமுனை மோடத்தின் குரல் கேட்டதும் 8-ஆம் பின்னில் ‘இணைப்பு கிடைத்தது’ என்று அறிவிக்கும். 4-இல் டெர்மினல் அனுப்ப அனுமதி கேட்கும். 5-இல் மோடம் அனுமதி தரும். பல கணினிகள் 6, 8, 5 மூன்றிலும் பதில் வராமல் ஓர் எழுத்தைக்கூட அனுப்பாது. இல்லாத மோடம் எங்கிருந்து பதில் சொல்லும்?

கேபிள் சொல்லவேண்டியதாயிற்று. இதில் இரண்டு பள்ளிகள் உண்டு. ஒரு பள்ளி, கனெக்டருக்குள்ளேயே 4-ஐயும் 5-ஐயும் ஒரு துண்டுக் கம்பியால் சாலிடர் செய்துவிடும்; 6, 8, 20 மூன்றையும் இன்னொரு துண்டால் சேர்த்துவிடும். கணினி ‘நான் தயார்’ என்று சொன்ன சொல்லே சுற்றிவந்து ‘மோடம் தயார்’ என்று அதன் காதில் விழும். நடுவில் ஓடுவது மூன்றே கம்பிகள். மலிவு, எளிது, எங்கும் வேலை செய்யும். இன்னொரு பள்ளி, இந்தப் பக்கத்து 20-ஐ அந்தப் பக்கத்து 6-க்கும் 8-க்கும் கொண்டுபோகும். கம்பி கூடும், செலவு கூடும். ஆனால் அந்தக் கம்பியில் போவது உண்மைச் செய்தி.

இரண்டாவதுதான் சரியான வழி என்பதை யூனிக்ஸ் கணினிகளை நடத்தியவர்கள் அனுபவத்தில் அறிந்தார்கள். யூனிக்ஸ், 8-ஆம் பின்னில் இணைப்பு அறுந்ததும் எதிர்முனையில் இருப்பவர் தொலைபேசியை வைத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, சிக்ஹப் என்ற சமிக்ஞையை அனுப்பி அவருடைய வேலைகளை முடித்து வெளியேற்றும். 20 உண்மையாகவே மறுமுனையின் 8-க்குப் போயிருந்தால், ஒருவர் டெர்மினலை அணைத்த கணத்தில் அவர் கணக்கு மூடப்படும். துண்டுக் கம்பி போட்ட கேபிளில் டெர்மினலை அணைத்தாலும் கணினிக்குத் தெரியாது. அடுத்து வந்து டெர்மினலைப் போடுபவர் முந்தையவரின் கணக்கில் நேரே உட்காருவார். பொது டெர்மினல் அறை வைத்திருந்த கல்லூரிகளுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

1978 ஆகஸ்டில் டெக்கின் விடி100 டெர்மினல் வந்தது. இன்றைய கணினிகளின் டெர்மினல் சாளரங்கள்கூட இதன் கட்டளைகளைத்தான் இன்னும் புரிந்துகொள்கின்றன. கேபிள் விஷயத்திலும் அது ஒரு முடிவு எடுத்திருந்தது. நொடிக்கு 19,200 பிட் வரை வேகம் வைக்கலாம். ஆனால் எழுத்துகள் அந்த வேகத்தில் கொட்டும்போது திரை பின்தங்கும். கணினியைச் சற்று நிறுத்தச் சொல்ல விடி100 தனிக் கம்பி எதையும் பயன்படுத்தவில்லை. தரவுக் கம்பியிலேயே கன்ட்ரோல்-எஸ் என்ற குறியை அனுப்பும்; திரை தேறியதும் கன்ட்ரோல்-கியூ அனுப்பும். 2, 3, 7 மூன்று கம்பி இருந்தாலே போதும்.

கேபிள் எளிதாயிற்று, சிக்கல் வேறிடத்துக்குப் போயிற்று. ஈமேக்ஸ் என்ற உரைதிருத்தியில் கன்ட்ரோல்-எஸ் என்றால் தேடு. விடி100-இல் உட்கார்ந்து தேடப் போனவர்களுக்குத் திரை அப்படியே உறைந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் டா குரூஸ், பில் கேட்சிங்ஸ் இருவரும் 1981-இல் கெர்மிட் என்ற கோப்பு மாற்றும் முறையை உருவாக்கியபோது, இத்தகைய கட்டுப்பாட்டுக் குறிகளை எல்லாம் அச்சிடத்தக்க எழுத்துகளாக மாற்றித்தான் கம்பியில் விட்டார்கள். இல்லையென்றால் கோப்புக்குள் இருக்கும் ஒரு குறியைப் பார்த்துவிட்டு நடுவில் உள்ள ஏதாவது ஒரு கருவி நின்றுபோகும்.

கெர்மிட் பரவிய காலத்தில் பலர் சறுக்கிய இடம் ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்தின் டெக்-20 கணினிக்கு ஏற்கெனவே டெர்மினல் ஓடிக்கொண்டிருந்த கேபிளில் ஒரு சிறு கணினியைப் பொருத்தவேண்டும். சிறு கணினியும் டெர்மினலைப் போலவே டிடிஇ-யாக இருந்தால் கேபிளை மாற்றவே கூடாது. டெர்மினலைக் கழற்றிவிட்டு அதே கனெக்டரில் செருகினால் போதும். ‘கணினிக்குக் கணினி என்றால் நல் மோடம்’ என்று மனப்பாடம் செய்தவர்கள், ஏற்கெனவே குறுக்கிட்டிருந்த இணைப்பில் இன்னொரு நல் மோடத்தைச் சேர்த்து, குறுக்கை மறுபடி நேராக்கி ஏமாந்தார்கள்.

இந்தப் பின்னணியில் ஆப்பிள் நிறுவனம் ஓர் அழகான காரியம் செய்தது. ஆப்பிள் II-க்கான சூப்பர் சீரியல் கார்டில் ஒரு சிறிய சதுரக் கட்டை உண்டு. அதன் மேல் ஓர் அம்புக்குறி. கட்டையைப் பிடுங்கித் திருப்பிச் செருகினால் அம்பு ‘மோடம்’ என்ற சொல்லையோ ‘டெர்மினல்’ என்ற சொல்லையோ காட்டும். எதிரே இருக்கும் கருவிக்கு ஏற்ப கார்டே 2-ஐயும் 3-ஐயும் மாற்றிக்கொள்ளும். கேபிள் எப்போதும் நேர் கேபிள்தான். வாங்குபவர் தரத்தைப் படிக்கவேண்டியதில்லை. எதிரே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும். இந்த எண்ணம் எல்லா நிறுவனங்களுக்கும் வந்திருக்கவேண்டும். வரவில்லை.

அச்சுப்பொறிகள் தனிக் கதை. ‘என் நினைவகம் நிரம்பிவிட்டது, பொறு’ என்பதைச் சில 20-ஆம் பின்னில் சொல்லின, சில 11-இல், சில 19-இல். கையேடு கையில் இல்லாதவருக்குத் துணை பிரேக்அவுட் பாக்ஸ். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. இரண்டு முனையிலும் 25 பின் கனெக்டர். நடுவில் வரிசையாகச் சிறு விளக்குகள், சுவிட்சுகள், துண்டுக் கம்பி செருகும் துளைகள். எந்தப் பின்னில் யார் பேசுகிறார் என்று விளக்கு காட்டும். துண்டுக் கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகி, வேலை செய்யும் ஏற்பாடு கிடைத்ததும் அதைத் தாளில் வரைந்துகொண்டு அப்படியே ஒரு கேபிளைச் சாலிடர் செய்வார்கள்.

பெட்டி இல்லையென்றால் ஒரு மல்டிமீட்டர் போதும். ஓய்வுநிலை இங்கேதான் கைகொடுக்கிறது. கருவியைத் தனியாக, கேபிள் இல்லாமல் ஓடவிட்டு, கறுப்பு முனையை 7-இல் வைத்து, சிவப்பு முனையால் முதலில் 2-ஐயும் பிறகு 3-ஐயும் தொட்டுப் பார்க்கவேண்டும். எதில் −5 முதல் −12 வோல்ட் வரை நிற்கிறதோ அந்தப் பின்னில்தான் கருவி அனுப்புகிறது. 2-இல் நின்றால் அது டிடிஇ. 3-இல் நின்றால் டிசிஇ. எதிர்க் கருவியையும் இப்படியே பார்க்கலாம். இரண்டும் ஒரே வகையாக இருந்தால் நல் மோடம்; வெவ்வேறாக இருந்தால் நேர் கேபிள். பின்புறம் ஆண் கனெக்டரா பெண் கனெக்டரா என்று பார்த்து ஊகிப்பதைவிட இது நூறு மடங்கு நம்பகமானது. 1969-இன் ‘சி’ பதிப்பு கனெக்டரின் வடிவத்தைக்கூடக் கட்டாயமாக்கவில்லை. அந்த 25 பின் கனெக்டர் பழக்கத்தில் நிலைத்த ஒன்று.

ஐபிஎம் இதில் தன் பங்கைச் சேர்த்தது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் சீரியல் துறைக்கு 25 பின் ஆண் கனெக்டர். அச்சுப்பொறிக்கான பேரலல் துறைக்கு 25 பின் பெண் கனெக்டர். மற்ற நிறுவனங்களின் கருவிகளில் பெண் கனெக்டர் இருந்தால் அது சீரியலாக இருக்கலாம். பிசியில் அப்படி நினைத்துச் செருகினால் 5 வோல்ட் தாங்கும் சிப்பில் 12 வோல்ட் போய் நிற்கும்.

அடுத்தது 1984-இல் வந்த பிசி ஏடி. ஒரே கார்டின் ஒடுங்கிய முதுகில் சீரியல், பேரலல் இரண்டையும் வைக்கவேண்டியிருந்தது. பேரலலுக்கு 25 பின் போனதும் மிச்ச இடத்தில் 9 பின்தான் அடங்கியது. ஆர்எஸ்-232-இன் 25 பின்களில் பலவற்றை யாரும் பயன்படுத்தியதே இல்லை. ஆகவே 9 போதும் என்ற முடிவு சரியானது. எண்களைப் போட்ட விதம்தான் பிற்காலத்தவரை வாட்டியது. 25 பின்னில் 2 அனுப்பும், 3 வாங்கும். 9 பின்னில் ஐபிஎம் 2-ஐ வாங்கவும் 3-ஐ அனுப்பவும் வைத்தது. தரை 7-இலிருந்து 5-க்குப் போனது.

விளைவு, கண்ணால் பார்த்தால் தலைகீழாகத் தெரியும் கேபிள்கள். ஒரு முனை 9 பின், மறுமுனை 25 பின். 2-க்கு 2, 3-க்கு 3, 5-க்கு 7 என்று நேராக ஓடினால் அது நல் மோடம். 2-க்கு 3, 3-க்கு 2 என்று குறுக்கே ஓடினால் அதுதான் மோடத்துக்கான சாதாரண நேர் கேபிள். மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்து ‘நேராகத்தானே இருக்கிறது’ என்று முடிவுசெய்தவர்கள் எத்தனையோ மாலைகளை இதில் தொலைத்திருக்கிறார்கள். மீட்டர் சொன்னது சரிதான். எந்த முனையில் எத்தனை பின் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டியிருந்தது.

நீளத்துக்கும் ஒரு வரம்பு இருந்தது. ‘சி’ பதிப்பு 50 அடி, அதாவது ஏறத்தாழ 15 மீட்டர், என்று சொல்லியது. பிந்தைய பதிப்புகள் அடிக்கணக்கை விட்டுவிட்டு, கேபிளின் மொத்த மின்தேக்கம் 2,500 பிகோஃபாரடைத் தாண்டக் கூடாது என்று மாற்றின. நல்ல கேபிள் என்றால் நீளமாகப் போகலாம், மட்டமான கேபிள் என்றால் முடியாது என்பதே அதன் பொருள். 9,600 வேகத்தில் 50 அடியைத் தாண்டிப் பல அலுவலகங்கள் கேபிள் இழுத்து நிம்மதியாக வேலை பார்த்தன. ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்கு இழுத்தவர்களுக்கு மட்டும் அந்த நிம்மதி கிடைக்கவில்லை. இரண்டு கட்டடங்களின் தரையும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. அந்த வித்தியாசம் முழுவதும் 7-ஆம் பின் வழியே பாயும். 1488, 1489 என்ற இணைப்புச் சிப்புகள் அதில் பொசுங்கும். பல கார்டுகளில் அவற்றை நேரே சாலிடர் செய்யாமல் சாக்கெட்டில் வைத்திருந்ததால் மாற்றுவதாவது எளிதாக இருந்தது.

ஆண்-பெண், டிடிஇ-டிசிஇ என்ற இரட்டை வழக்கை அடியோடு ஒழித்தது டெக்தான். 1980-களின் நடுவில் அது எம்எம்ஜே என்ற ஆறு கம்பிச் செருகியைக் கொண்டுவந்தது. தொலைபேசிச் செருகியைப் போலவே இருக்கும். அதன் கொக்கி மட்டும் நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும். தொலைபேசிக் கம்பியைத் தவறிச் செருகினால் ஏறாது. ஆறு தடங்களும் கண்ணாடிப் பிம்பம்போல அமைந்தவை: 1-இல் தயார் என்று சொல்வது, 6-இல் தயார் என்று கேட்பது, 2-இல் அனுப்புவது, 5-இல் வாங்குவது, நடுவில் இரண்டு தரைகள். எல்லா டெர்மினலிலும் எல்லாக் கணினியிலும் இதே வரிசைதான். கேபிளோ எப்போதும் தலைகீழாகத் திரும்பியிருக்கும். 1 போய் 6-இல் சேரும், 2 போய் 5-இல் சேரும். ஒரே வகைக் கேபிள், ஒரே வகைத் துறை. விடி320, விடி420, மைக்ரோவேக்ஸ் 3100 எல்லாம் இப்படித்தான் இணைந்தன. கம்பிகளைப் பற்றி ஒன்றுமே தெரியாதவரும் பிழையின்றி இணைக்கலாம். சீரியல் கேபிளின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான தீர்வு வேறில்லை. டெக்கைத் தவிர மற்ற பெரிய நிறுவனங்கள் அதை எடுத்துக்கொள்ளாததால் அது டெக்கோடு நின்றுவிட்டது. அதே எண்ணத்தில் உருவான எட்டுக் கம்பி ஏற்பாடு சிஸ்கோ ரவுட்டர்களில் பிழைத்தது. நெட்வொர்க் வேலை பார்ப்பவர்கள் பையில் வைத்திருக்கும் அந்தத் தட்டையான இளநீலக் கேபிள், 1-ஐ 8-க்கும் 2-ஐ 7-க்கும் திருப்பிக் கொண்டுபோவது.

பழைய டெர்மினல்களை மீட்டெடுக்கும் ஆர்வலர்கள் இன்று இந்தக் கணக்கை எல்லாம் மறுபடி போடுகிறார்கள். 1983-இல் வந்த விடி220 ஒன்றை ராஸ்ப்பெரி பையுடன் இணைப்பது அவர்களிடையே அடிக்கடி நடக்கும் வேலை. விடி220-இன் பின்புறம் 25 பின், 9 பின் என்று இரண்டு கனெக்டர்கள் உண்டு. கையில் 9 பின் கேபிள் இருக்கிறதே என்று சின்னதில் செருகக் கூடாது. அது அச்சுப்பொறிக்கானது, பிசி ஏடி வருவதற்கு முன்பே அமைந்தது, ஐபிஎம்மின் வரிசை அதில் கிடையாது. கணினிக்கு 25 பின்தான். ராஸ்ப்பெரி பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. டெர்மினலின் 12 வோல்ட் நேரே ஏறினால் அதோடு சரி. ஆகவே நடுவில் யுஎஸ்பி-சீரியல் மாற்றி ஒன்றோ, மின்னழுத்தம் மாற்றும் மேக்ஸ்3232 சிப் ஒன்றோ வேண்டும். மாற்றியின் முனை 9 பின் ஆண் என்றால், தேவையான கேபிள் இருபுறமும் பெண் கனெக்டர் உள்ள 9-25 நல் மோடம். அதாவது 2-க்கு 2, 3-க்கு 3, 5-க்கு 7.

டெர்மினலின் அமைப்புத் திரையில் ‘டேட்டா லீட்ஸ் ஒன்லி’ என்று வைத்தால் அது மோடம் கம்பிகளைத் தேடாமல் மூன்று கம்பியோடு திருப்தி அடையும். கணினிப் பக்கத்திலும் அப்படி ஒரு சொல் சொல்லவேண்டும். லினக்ஸில் டெர்மினலில் நுழைவுப் பெயர் கேட்கும் ஏகெட்டி என்ற நிரலுக்கு, இது உள்ளூர்க் கம்பி, இணைப்புச் சமிக்ஞைக்காகக் காத்திராதே என்று சொல்ல ஒரு தனி விருப்பமே உண்டு. அதைக் கொடுக்காவிட்டால், இல்லாத மோடம் பதில் தரட்டும் என்று அது காத்திருக்கக்கூடும்.

இந்தக் கம்பிகளில் வரிசையாக வரும் பிட்டுகளைப் பிரித்து எழுத்தாகக் கோத்த யுஆர்ட் சிப்புகளின் கதை அடுத்த இதழில். ஐபிஎம் பிசியில் இருந்த 8250, ஒரே ஓர் எழுத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளும். அடுத்தது வருவதற்குள் கணினி அதை எடுக்காவிட்டால் எழுத்து தொலைந்தது. 16 எழுத்துகளைத் தேக்கிவைக்கும் 16550 அங்கிருந்துதான் பிறந்தது.

(தொடரும்)